மிச்சிகன் மைதானத்தில் முதல் ஃபுட்பால் ஆட்டம்: போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வியின் சுருக்கம் இது: முதுகலைப் படிப்புக்காக, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நவம்பரில் நடக்கும் ஒரு பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு லேப் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். விதிகள் தெரியாமல் போனால் புரியுமா, லட்சம் பேர் கூட்டத்தில் எப்படிச் சமாளிப்பது, குளிர் தாங்குமா, சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

தாராளமாகப் போங்கள். விதிப் புத்தகம் முழுவதும் தெரிய வேண்டியதே இல்லை. "இது எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு வேண்டும்?" என்ற ஒரு கேள்விக்கு எந்த நிமிடத்திலும் பதில் சொல்ல முடிந்தால் போதும். கூட்டம் எப்போது கத்துகிறது, எப்போது அடங்குகிறது, பக்கத்தில் இருப்பவர் ஏன் தலையில் கை வைக்கிறார் என்பதெல்லாம் அந்த இரண்டு எண்களிலிருந்தே விளங்கிவிடும்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு வாய்ப்பு. நான்கு பந்தில் பத்து ரன் எடுத்தால் இன்னும் நான்கு பந்து தருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர்போர்டில் "3 & 7" என்று தெரிந்தால் மூன்றாவது டவுன், இன்னும் ஏழு யார்டு பாக்கி என்று அர்த்தம். மூன்றாவதிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதே இடத்தில் பந்தை இழந்தால் எதிரணிக்குக் கோல் பக்கம் கிட்டே வந்துவிடும் என்பதுதான் காரணம். கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். பந்தோடு எதிரணிப் பக்கக் களத்தின் கடைசிப் பகுதிக்குள் நுழைந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பின் உதைத்தால் கூடுதலாக ஒன்று. உதைக்காமல் மறுபடி உள்ளே கொண்டுபோனால் இரண்டு. ஆகவே 7, 3 என்ற கணக்கிலேயே ஸ்கோர் ஏறுவதைப் பார்ப்பீர்கள்.

டிவியில் பார்த்துப் பழகியவர்கள் மைதானத்தில் முதலில் திணறுவது மஞ்சள் கோட்டுக்காக. எந்த இடம் வரை போனால் முதல் டவுன் என்று டிவியில் வரும் அந்தக் கோடு கணினி வரைவது; களத்தின் தரையில் அப்படி எதுவும் இருக்காது. அதற்குப் பதிலாகப் பக்கக் கோட்டோரம் பாருங்கள். ஆரஞ்சு நிறக் கம்புகள் இரண்டைச் சங்கிலியால் இணைத்து ஆட்கள் பிடித்திருப்பார்கள். சங்கிலியின் நீளம் சரியாகப் பத்து யார்டு. முன்னால் இருக்கும் கம்புதான் அடைய வேண்டிய இடம். தனியாக இன்னொருவர் பிடித்திருக்கும் கம்பின் உச்சியில் 1 முதல் 4 வரை எண் மாறிக்கொண்டே இருக்கும். அது டவுன் எண், கம்பு நிற்கும் இடம் பந்து இருக்கும் இடம். முதல் பத்து நிமிடம் இந்தக் கம்புகளை மட்டும் கவனித்துப் பழகுங்கள். பிறகு ஸ்கோர்போர்டைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்த சிக்கல் பந்து. புதியவர்கள் எல்லோரும் பந்தையே தேடுவார்கள், பந்து ஒளிக்கப்படுவதோ எதிரணியை ஏமாற்றத்தான். அதை விட்டுவிட்டு, பந்துக்கு நேர் பின்னால் வரிசையாகக் குனிந்து நிற்கும் ஐந்து பெரிய ஆட்களைப் பாருங்கள். பந்து எடுக்கப்பட்டதும் அவர்கள் முன்னே பாய்ந்து முட்டினால் அநேகமாக ஓட்டம். பின்வாங்கி அரண் கட்டினால் பாஸ், அதாவது பந்தை முன்னால் இருப்பவருக்கு வீசுவது. உடனே கண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோகலாம். பாஸ் வீசும்போது அவர்கள் வெகுதூரம் முன்னே போவது விதிப்படி தவறு என்பதால் இந்த அடையாளம் பெரும்பாலும் ஏமாற்றாது. சில சமயம் வேண்டுமென்றே பொய்க்காட்டுவார்கள். அதையும் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் ஆட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

பெரிய ஓட்டம் ஒன்று நடந்ததும் துள்ளிக் குதிப்பதற்கு முன் தரையில் மஞ்சள் துணி கிடக்கிறதா பாருங்கள். நடுவர் எறிந்த கொடி அது. கிடந்தால் அந்த ஓட்டமே செல்லாமல் போகலாம். பழகியவர்கள் கத்துவதற்கு முன் அரை நொடி தயங்குவது இதனால்தான்.

எப்போது கத்துவது என்பதில் ஒரு முறை உண்டு, தயவுசெய்து இதைக் கடைப்பிடியுங்கள். மிச்சிகன் கையில் பந்து இருக்கும்போது, ஒவ்வொரு டவுனும் தொடங்கும் முன் அமைதி. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்துச் செய்தி சொல்ல வேண்டும், நாம் கத்தினால் நம் அணிக்கே காது கேட்காது. எதிரணி கையில் பந்து இருக்கும்போது எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தம், அதிலும் மூன்றாவது டவுனில் தொண்டை கிழிய. சத்தத்தில் குரல் கேட்காமல் எதிரணி ஆள் ஒருவர் முன்கூட்டியே அசைந்துவிட்டால் ஐந்து யார்டு பின்னால் போக வேண்டும். கூட்டம் நேரடியாக ஆட்டத்தை மாற்றுவது இங்கேதான். அப்போது சாவிக்கொத்தைத் தூக்கிக் குலுக்குவார்கள். உங்கள் சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள் என்று கணக்குப் போட்டு ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளை மட்டும் இருபது நிமிடம். ஒரு டவுனுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாற்பது நொடி வரை எடுக்கலாம், பாஸ் பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் நிற்கும். போதாததற்கு டிவி விளம்பரம். எல்லா வீரர்களும் காரணமில்லாமல் நிற்பதுபோல் தெரிந்தால் களத்துக்குள் சில அடி வந்து நிற்கும் சிவப்புத் தொப்பிக்காரரைத் தேடுங்கள். அவர் டிவி நிறுவனத்தின் ஆள். அவர் வெளியேறும் வரை ஆட்டம் தொடங்காது. நண்பர்களோடு பேச, கால் நீட்ட அதுதான் நேரம். நான்கு பகுதி முடிந்தும் சமமாக இருந்தால் கூடுதல் ஆட்டம்: இரு அணிகளும் தலா ஒரு முறை எதிராளியின் 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும். கல்லூரி ஆட்டத்தில் இதைவிடப் பதற்றமான கட்டம் கிடையாது.

இனி இடம். இந்த மைதானம் 1927-ல் திறந்தது. இப்போதைய அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,07,601. 1975 நவம்பரிலிருந்து, கொரோனா ஆண்டான 2020-ஐத் தவிர, இங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சத்துக்கு மேல் கூட்டம். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் பெரும்பகுதி பூமியைத் தோண்டி அதற்குள் கட்டியது. வாசலில் நுழைந்ததும் ஏறுவதற்குப் பதில் இறங்குவீர்கள். கழிப்பறையும் கடைகளும் மேலே இருக்கும். கீழ் வரிசையில் டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அத்தனை படியும் ஏற வேண்டும். முன்வரிசை என்றதும் ஆசைப்பட வேண்டாம். பக்கக் கோட்டில் நிற்கும் வீரர்களும் பயிற்சியாளர்களும் கண்ணை மறைப்பார்கள், எதிர்ப்பக்கம் நடப்பது தூரமா கிட்டவா என்றே தெரியாது. பாதிக்கு மேலே உட்கார்ந்தால் இருபத்திரண்டு பேரும் எப்படி விரிந்து நகர்கிறார்கள் என்பது முழுதாகத் தெரியும். முதல் ஆட்டத்துக்கு அதுவே நல்லது.

நாற்காலி கிடையாது, நீளமான பலகை. அதில் எழுதிய எண்களுக்கு நடுவே சுமார் ஒன்றரை அடி. கோட்டு போட்ட ஆட்கள் உட்கார்ந்தால் அதுவும் இருக்காது. வடக்குப் பக்கம் இருக்கும் மாணவர் பகுதியில் உட்காருவது என்ற பேச்சே இல்லை. ஆட்டம் முழுவதும் பலகைமேல் ஏறி நிற்பார்கள். கெட்ட வார்த்தை கோஷங்களும் வரும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தாலோ குழந்தைகள் இருந்தாலோ அந்தப் பகுதியைத் தவிர்த்து வேறு பக்கம் எடுங்கள்.

டிக்கெட் ஃபோனில்தான். வாங்கிய அன்றே, வீட்டு வைஃபையில் இருக்கும்போதே, ஃபோனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். லட்சம் பேர் ஒரே இடத்தில் சேரும்போது வாசலில் இணையம் திணறும். வரிசையின் முன்னால் போய் நின்று ஆப் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் புதியவர்களுக்கு அதிகம் நடக்கும் கோளாறு. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பி விற்றால் வாங்காதீர்கள். உங்கள் கணக்குக்கு முறையாக மாற்றிக் கொடுத்த பிறகே பணம். மாணவர் டிக்கெட் என்றால் பல்கலைக்கழக அடையாள அட்டையான எம்கார்டையும் கையில் வையுங்கள்.

எந்த ஆட்டம் என்பதில் தேர்வு இருந்தால், செப்டம்பரில் சிறிய அணிகளோடு நடப்பவை விலை குறைவு. உச்ச விலை, பரம எதிரியான ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்துக்கு. நவம்பர் கடைசியில் வரும் அது, ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆன் ஆர்பரில் நடக்கும். இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட் இங்கே வருவது இரட்டைப்படை ஆண்டுகளில். பல ஆட்டங்களின் தொடக்க நேரத்தை டிவி நிறுவனங்கள் பன்னிரண்டு நாள் முன்பு, சில சமயம் ஆறு நாள் முன்புதான் முடிவு செய்யும். பகல் பன்னிரண்டா, மூன்றரையா, இரவா என்று தெரியாமல் அன்று மாலைக்குப் பேருந்தோ விமானமோ பதிவு செய்துவிடாதீர்கள்.

உடையில் நிறம் முக்கியம். நீலம் அல்லது மக்காச்சோள மஞ்சள். ஒஹையோ ஸ்டேட் வரும் நாளில் சிவப்பு வேண்டவே வேண்டாம்.

பை விஷயத்தில் இந்த மைதானம் மிகக் கண்டிப்பு, பொதுவாக எந்தப் பையையும் உள்ளே விடமாட்டார்கள். பல பல்கலைக்கழகங்களில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பையை விடுவார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே எடுத்து வந்து திரும்பி நடப்பவர்கள் உண்டு. மருத்துவத் தேவைக்கும் கைக்குழந்தைக்கும் உள்ள விலக்கை நம்பிப் போவதானால் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான விதியைப் பார்த்துவிடுங்கள். மற்றவர்கள் லேப்டாப் பையோடு லேபிலிருந்து நேராகப் போகக் கூடாது. எல்லாம் கோட்டுப் பைக்குள். குடையும் கூடாது, மழை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு. ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், ஆகவே "காரில் எடுத்துக்கொள்ளலாம்" என்று எதையும் விட்டு வராதீர்கள்.

இப்போது குளிர். நவம்பரில் பகலிலேயே 5 டிகிரி செல்சியஸ், இரவு ஆட்டம் என்றால் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். நடக்கும்போது தெரியாத குளிர் மூன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும்போது காலிலிருந்து ஏறும். காரணம் கீழே இருக்கும் கான்கிரீட்டும் அலுமினியமும். ஷூ வழியாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு மிகச் சிறந்த மருந்து ஒரு அட்டைப்பெட்டித் துண்டு. காலுக்குக் கீழே ஒன்று, உட்காரும் இடத்தில் ஒன்று. தட்டையாக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோகலாம்.

சாக்ஸ் பருத்தி வேண்டாம், கம்பளி. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு குளிரும். இரண்டு ஜோடி போட்டு ஷூவை இறுக்கிக் கட்டினால் பயன் தலைகீழாகிவிடும்: ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும். உடம்புக்கு ஒரு தடிமனான கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது: உள்ளே ஒட்டிய தெர்மல், நடுவே கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத கோட்டு. ஜீன்ஸுக்குள்ளும் தெர்மல் போடுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். கை சூடாக்கும் சிறு பொட்டலங்கள் கடைகளில் ஜோடியாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்துதான் சூடாகும், ஆகவே வாசலில் வரிசையில் நிற்கும்போதே பிரித்துவிடுங்கள். கைக்கு உள்ளதை ஷூவுக்குள் திணித்தால் காற்று போதாமல் அணைந்துவிடும்; கால்விரலுக்கென்றே தனியாக விற்கிறார்கள். ஃபோனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். திரும்பிப் போகும்போது வண்டி கூப்பிட அது வேண்டும்.

செப்டம்பர் பகல் ஆட்டம் என்றால் இதெல்லாம் நேர்மாறு. பள்ளத்துக்குள் நிழலே கிடையாது. தொப்பி, சன்ஸ்கிரீன், நிறைய தண்ணீர்.

சாப்பாடு. உள்ளே சைவத்துக்கு உப்பு தூவிய பிரெட்ஸல், பாப்கார்ன், வேர்க்கடலை, சீஸ் ஊற்றிய நாச்சோஸ் என்று வண்டி ஓடும். சில்லி என்று சொல்லும் குழம்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும், நாச்சோஸ்மேல் அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆனால் நல்ல சாப்பாடு வெளியே நடக்கும் டெயில்கேட்டில்தான். மைதானத்துக்கு எதிரே பயனியர் பள்ளி வளாகத்திலும் பக்கத்து கோல்ஃப் மைதானத்திலும் காலையிலேயே காரின் பின்கதவைத் திறந்து அடுப்பு மூட்டிவிடுவார்கள். நண்பர்களின் டெயில்கேட்டுக்குக் கூப்பிட்டால் வெறுங்கையோடு போகாதீர்கள்; ஒரு பெட்டி சமோசாவோ எலுமிச்சைச் சாதமோ கொண்டுபோனால் முதலில் தீர்வது அதுதான். பிராட்வர்ஸ்ட் என்ற தொத்திறைச்சி பொதுவாகப் பன்றி. பீன்ஸ் என்று இனிப்பாக இருப்பதில் பன்றிக்கொழுப்புத் துண்டு கலந்திருப்பது வழக்கம். ஆடும் ஜெல்லியில் ஜெலட்டின். வேண்டாதவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மது பற்றி நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 21 வயது ஆகாதவர் குடித்தால் அது சட்ட மீறல். 21 ஆனவரும் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது: அந்தக் குற்றத்துக்குக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல், மாணவர் விசா ரத்தாக வாய்ப்பு உண்டு. கஞ்சா மிச்சிகன் மாநிலத்தில் 21 வயதானவர்களுக்குச் சட்டப்படி சரி என்பதால் டெயில்கேட்டில் கைமாறலாம். கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், குடியேற்றத் துறை பார்ப்பது அந்தச் சட்டத்தைத்தான். விசாவில் இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

போகும் வழி: நார்த் கேம்பஸில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் இலவச நீலப் பேருந்தில் சென்ட்ரல் கேம்பஸ் வந்து, அங்கிருந்து ஸ்டேட் தெரு வழியாகத் தெற்கே நடந்து ஹூவர் தெருவில் மேற்கே திரும்பினால் போதும். அரை மணி நேர நடை. கேன்டன், நோவை, ட்ராய் பக்கமிருந்து காரில் வரும் நம் குடும்பங்கள் மைதானம் வரை ஓட்ட முயலாமல் ஒரு மைலுக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. உள்ளே போகும்போது மிச்சப்படும் நேரத்தைவிடத் திரும்பும்போது மிச்சப்படுவது அதிகம்.

ஹூவர் தெருவில்தான் இசைக்குழுவின் ரெவெல்லி அரங்கம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் முரசுக்காரர்கள் அங்கே வாசிப்பார்கள், பிறகு முழுக் குழுவும் மைதானம் நோக்கி அணிவகுக்கும். பின்னாலேயே நடந்தால் வழி கேட்க வேண்டியதில்லை. கிக்ஆஃபுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் உதைக்கு, நாற்பத்தைந்து நிமிடம் முன்பே உங்கள் இடத்தில் இருங்கள். இதை ஒப்புக்காகச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய இந்தக் கட்டத்தைத் தவறவிட்டால் பாதியைத் தவறவிட்டது போலத்தான். மைதானத்துக்கு ஒரே ஒரு சுரங்க வாசல், கிழக்குப் பக்கம் நடுவில். இரு அணிகளும், இசைக்குழுவும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். முதலில் குழு ஓடி வந்து களத்தில் எம் எழுத்தாக நிற்கும். தலைவர் தனியாக முன்னே வந்து, முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டே போய்த் தலையால் தரையைத் தொடுவார். அதன்பின் நடுக்களத்தில் பிடித்திருக்கும் நீலப் பதாகையைத் துள்ளித் தொட்டுக்கொண்டே வீரர்கள் ஓடி வருவார்கள். 1898-ல் லூயி எல்பெல் என்ற மாணவர் எழுதிய வெற்றிப் பாட்டு அன்று எத்தனை முறை ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. வரிகள் தெரியாவிட்டால் பரவாயில்லை, "ஹெயில்" என்று வரும் இடத்திலெல்லாம் முஷ்டியை உயர்த்தினால் போதும்.

கழிப்பறைக்கு இடைவேளையில் போகாதீர்கள். இரண்டாம் பகுதியில் நான்கைந்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஏறிப் போய் வந்துவிட்டால், இடைவேளையில் இசைக்குழு நிகழ்ச்சியை நிம்மதியாகப் பார்க்கலாம்.

முடிந்ததும் அவசரப்பட வேண்டாம். ஆட்டத்துக்குப் பின்னும் குழு களத்தில் வாசிக்கும். இருபது நிமிடம் அதைப் பார்த்துவிட்டு எழுந்தால் படிகளில் நெரிசல் பாதியாகக் குறைந்திருக்கும். பெரிய வெற்றி என்றால் மாணவர்கள் களத்தில் குதிப்பார்கள். 2021 நவம்பர் 27 அன்று ஒஹையோ ஸ்டேட்டை 42–27 என்று வென்றபோது அப்படித்தான் நடந்தது. அந்த நேரம் கீழ் வரிசையில் இருந்தால் கூட்டம் பின்னாலிருந்து தள்ளும். இறங்க விருப்பமில்லை என்றால் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன்பே மேல் வரிசைக்கு நகர்ந்துவிடுங்கள். இறங்குவதானால் சுவர்மேலிருந்து குதிக்காமல் கையைப் பிடித்து மெல்ல இறங்குங்கள். நண்பர்களோடு சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே பேசி வையுங்கள். "வாசலில்" என்றால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது, வாசல் எண்ணோடு சொல்லுங்கள். வாடகைக் கார் கூப்பிடுவதானால் கேம்பஸ் பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்த பிறகு கூப்பிடுங்கள், கட்டணமும் காத்திருப்பும் குறையும்.